விசா முடிந்து அமெரிக்காவில் இருக்கும் கணவருக்கு ஆயுள் காப்பீடு: பள்ளத்தூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 39. 2018-ல் சுற்றுலா விசாவில் அமெரிக்கா போனவர், விசா முடிந்தும் திரும்பவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு ஓட்டலில் செட்டிநாட்டுச் சமையல் மாஸ்டராக இருக்கிறார். சம்பளம் ரொக்கமாகத்தான் வருகிறது. ஊரில் 11 லட்சம் கடன் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். போன மாதம் அவருடன் வேலை பார்த்தவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பைசா வரவில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அங்கே ஓர் ஏஜென்ட், "ஏதாவது ஒரு சோஷியல் நம்பரைப் போட்டுப் பாலிசி எடுத்துத் தருகிறேன், மாதாமாதம் என்னிடம் ரொக்கமாகக் கொடுத்தால் போதும்" என்கிறாராம். இங்கே 2014 ஜூனில் எடுத்த 5 லட்ச ரூபாய் எல்.ஐ.சி. பாலிசி ஒன்று உண்டு. 20 வருடப் பாலிசி, 2022 ஜூன் வரை வருடத் தவணை கட்டினோம். "அவர் கையெழுத்தை நீங்களே போட்டுப் புதுப்பித்துவிடலாம்" என்கிறார் இங்குள்ள ஏஜென்ட். விசா இல்லாதவருக்குக் காப்பீடு கிடைக்குமா? அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் எனக்கு வந்து சேருமா?
(பெயர் வேண்டாம், பள்ளத்தூர்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கிடைக்கும். விசா முடிந்தவர் ஆயுள் காப்பீடு எடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் எதுவும் இல்லை. அங்கே காப்பீட்டுத் தொழிலைக் கண்காணிப்பவை மாநில அரசுகள். யாரைச் சேர்ப்பது, யாரை மறுப்பது என்பதை அந்தந்த நிறுவனம் தன் விதிப்படி முடிவு செய்கிறது. பல நிறுவனங்கள் கிரீன் கார்டோ நடப்பு விசாவோ இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்காது. சில நிறுவனங்கள் பாஸ்போர்ட்டும் வரி எண்ணும் இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. அந்தச் சிலவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் கணவரின் வேலை.

ஆனால் அந்த இரண்டு ஏஜென்ட்டுகளும் சொன்ன வழியில் மட்டும் போகாதீர்கள். பாலிசி எடுப்பவர் அவர். பணம் கேட்டு நிற்கப்போவது நீங்கள், அதுவும் அவர் இல்லாத நாளில், பள்ளத்தூரில் இருந்துகொண்டு. அன்றைக்கு எதிர்க்கேள்வி வராதபடி ஒவ்வொரு காகிதத்தையும் இன்றே நிரப்ப வேண்டும். காசு கட்டியும் ஏமாந்த குடும்பங்களின் தாள்களைப் பிரித்துப் பார்த்தால், கோளாறு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

முதலில் அந்தப் பொய் நம்பர். சோஷியல் நம்பர் என்பது அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண். அமெரிக்க ஆயுள் பாலிசிகளில் முதல் 2 ஆண்டுகள் சோதனைக் காலம். அதற்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் விண்ணப்பத்தை வரி வரியாகச் சரிபார்க்கும். எண் வேறொருவருடையது என்று தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்து, கட்டிய பிரீமியத்தை மட்டும் திருப்பித் தரலாம். 2 ஆண்டு தாண்டிவிட்டால் கவலையில்லை என்றும் இருக்க முடியாது. இறந்தவரின் எண்ணும் பெயரும் பொருந்தவில்லை என்றால், இறந்தவர்தான் பாலிசிதாரர் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். இதற்கெல்லாம் மேலே, பிறர் எண்ணைப் பயன்படுத்துவது அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். விண்ணப்பத்தில் "அமெரிக்கக் குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் அடிப்பது இன்னும் ஆபத்து. குடிமகன் என்று பொய் சொன்னவருக்குப் பின்னாளில் குடியேற்ற வழிகள் நிரந்தரமாக அடைபட்டுப்போக இடமுண்டு. அவர் எழுத வேண்டியது இந்தியக் குடிமகன் என்றுதான். விசா நிலையைக் கேட்டால் உள்ளதை எழுதட்டும். அந்த விவரத்தோடு ஏற்கும் நிறுவனத்தின் பாலிசிதான் உங்களுக்குப் பணம் தரும்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கு அமெரிக்க வருமான வரித்துறையே ஒரு வரி எண் தருகிறது. அதை ஐடின் என்பார்கள். 9-ல் தொடங்கும் 9 இலக்க எண். வேலை செய்யும் உரிமையை அது தராது, விசா நிலையையும் மாற்றாது. வரி கட்டுவதற்கு மட்டும். டபிள்யூ-7 என்ற படிவத்தை வருமான வரிக் கணக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வரித்துறையின் அங்கீகாரம் பெற்ற ஏற்பு முகவர்கள் பாஸ்போர்ட்டை நேரில் பார்த்துச் சான்றளித்து உடனே கையில் கொடுத்துவிடுவார்கள். எண் வர ஏறக்குறைய 7 வாரம். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நெரிசலில் 9 முதல் 11 வாரம். தொடர்ந்து 3 ஆண்டு வரிக் கணக்கில் அந்த எண்ணைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

ரொக்கச் சம்பளத்தையும் வரிக் கணக்கில் காட்டலாம், காட்டவும் வேண்டும். கொஞ்சம் வரி போகும். ஆனால் காப்பீட்டு நிறுவனம் "இவர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன வருமானம் நிற்கும்?" என்று கேட்கும்போது நீட்டுவதற்கு அந்தக் கணக்கைத் தவிர உங்கள் கணவரிடம் வேறு சான்று இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வரித்துறைத் தகவல் பல ஆண்டுகளாக இரகசியமாகக் காக்கப்பட்டு வந்தது. 2025 ஏப்ரலில் வரித்துறையும் குடியேற்ற அமலாக்கமும் தகவல் பகிர்வுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தன. அது நீதிமன்றங்களில் வழக்காகவும் ஆனது. எனவே ஐடினுக்கு எழுதும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை ஆலோசனை கேட்கட்டும். நாடு கடத்தும் ஆணை அவர் பெயரில் ஏற்கெனவே இருக்கிறதா என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. இருந்தால் வழக்கறிஞர் சொல்லாமல் எந்த அரசுப் படிவத்தையும் தொட வேண்டாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு யோசிக்காதீர்கள். இதில் மிச்சம் பிடிப்பது நல்லதல்ல.

அடுத்தது ஆள் பிடிப்பது. ஒரே நிறுவனத்துக்கு விற்பவரைவிட, பல நிறுவனங்களுக்கு விற்கும் சுதந்திர முகவரே இவருக்குத் தோது. அவருடைய உரிமம் நியூ ஜெர்சி வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே நிறுவனத்திடம் கேட்கச் சொல்ல வேண்டியவை சில உண்டு: ஐடின் மட்டும் உள்ளவரைச் சேர்க்கிறீர்களா, விசா காலாவதியானவரை ஏற்கிறீர்களா, எத்தனை ஆண்டு அமெரிக்க வாசம் வேண்டும், இந்தியாவில் இருக்கும் மனைவியை வாரிசாகப் போடலாமா? சும்மா அனுப்பிப் பார்ப்போம் என்று அனுப்பினால், மறுப்பு வந்தபின் அடுத்த விண்ணப்பத்தில் "இதற்குமுன் மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுத வேண்டியிருக்கும்.

ரொக்கமாக ஏஜென்ட் கையில் பிரீமியம் கொடுக்கவே கூடாது. ரசீது இல்லாத பிரீமியம் கட்டாத பிரீமியம்தான். பாஸ்போர்ட்டையும் ஐடினையும் வைத்துக் கணக்குத் திறக்கும் வங்கிகள் அங்கே உண்டு. அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் நிறுவனத்துக்கே நேராகப் பிடித்தமாகட்டும்.

எந்த வகைப் பாலிசி? இறப்புக்கு மட்டும் பணம் தரும் 20 ஆண்டு டெர்ம் பாலிசி போதும். கடைசிப் பிள்ளை படித்து முடிக்கும்வரை அது ஓடும். சேமிப்போடு கலந்த முழு ஆயுள் பாலிசிக்குப் பிரீமியம் பல மடங்கு. கடன் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். தொகையிலும் பேராசை வேண்டாம். 1 லட்சம் டாலர் என்றாலே இன்றைய மதிப்பில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல். கடனை அடைத்துப் பிள்ளைகளைக் கரையேற்ற அது போதும். தொகை ஏற ஏற வருமானச் சான்றும் கூடுதலாகக் கேட்பார்கள்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "மருத்துவப் பரிசோதனை இல்லை, கேள்வி இல்லை, பத்து டாலர்தான்" என்று விற்கப்படுவதில் பல, விபத்து மரணத்துக்கு மட்டுமான பாலிசிகள். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் எதற்கும் அதில் பணம் வராது. உங்கள் கணவரோடு வேலை பார்த்தவரிடம் அப்படி ஒன்று இருந்திருந்தாலும் குடும்பத்துக்கு எதுவும் கிடைத்திருக்காது. பாலிசியின் முதல் பக்கத்தில் "விபத்து" என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேள்வியே இல்லாமல் தரும் இன்னொரு வகை, பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதிலும் முதல் 2 அல்லது 3 ஆண்டுக்குள் நோயால் இறந்தால் முழுத் தொகை வராது.

முறையான டெர்ம் பாலிசிக்குப் பெரும்பாலும் இரத்தம், சிறுநீர் எடுப்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம். சிகரெட் பிடிக்காதவர் என்றாலும் வாயில் அடக்கும் புகையிலையின் நிக்கோட்டின் சோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரைக்கு ஊரில் இருந்து மாத்திரை அனுப்புகிறீர்கள் என்றால் அதையும் எழுதட்டும். சர்க்கரை இருந்தால் பிரீமியம் ஏறலாம். மறைத்தால் மொத்தமும் போகும்.

இனிப் பெயர். நம் பக்கத்துக் குடும்பங்கள் கிளைம் நேரத்தில் அதிகம் தடுமாறுவது இதில்தான். பாஸ்போர்ட்டில் "கருப்பையா முத்தையா", எல்.ஐ.சி. பாண்டில் "மு. கருப்பையா", ஆதாரில் வெறும் "கருப்பையா", வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. நகரத்தார் வீடுகளில் நாலைந்து தலைமுறை இனிஷியல் முன்னால் நிற்கும். எந்த எழுத்து எதன் சுருக்கம் என்று அமெரிக்க அலுவலருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசா அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்தை அச்சிட்டுவிடும். பிறகு வங்கிக் கணக்கிலும் அதுவே ஏறிவிடும். சிட்டையில் ஒரு பெயரும் பேரேட்டில் வேறு பெயரும் இருந்தால் ஐந்தொகை நிற்காது என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். இங்கும் அதே கணக்குதான். பாலிசி, ஐடின், அங்குள்ள வங்கிக் கணக்கு மூன்றிலும் அவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். உங்கள் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே எடுங்கள். பான் அட்டையும் வங்கிக் கணக்கும் அதே பெயருக்கு மாறட்டும். "மனைவி" என்று மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. முழுப் பெயர், பிறந்த தேதி, பள்ளத்தூர் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அந்தக் கட்டத்தில் ஏற வேண்டும்.

உங்களுக்கு அடுத்த வாரிசாக யாரைப் போடுவது என்றும் படிவம் கேட்கும். பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால், அவர்கள் பெயரை மட்டும் எழுதினால் நிறுவனம் நேராகப் பணம் தராது, நீதிமன்றப் பாதுகாவலர் கேட்கும். உங்கள் தம்பியோ அவர் அண்ணனோ, பிள்ளைகளுக்காகப் பணத்தை வாங்கிப் பராமரிக்கக்கூடிய ஒருவரைக் குறிப்பிட வழி இருக்கிறதா என்று முகவரிடம் கேட்கட்டும்.

பிடிபட்டு ஊருக்கு அனுப்பிவிட்டால் பாலிசி என்னவாகும்? பிரீமியம் கட்டும்வரை பாலிசி உயிரோடு இருக்கும். நாடு மாறினாலும் காப்பு தொடர்வதுதான் பொதுவான நடைமுறை. வெளிநாட்டு வாசம் பற்றித் தனி விதி இருக்கிறதா என்று பாலிசி கைக்கு வந்ததும் படித்துவிட வேண்டும். படித்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க குறைந்தது 10 நாள் உண்டு. தடுப்பு மையத்தில் இருக்கும் வாரங்களில்தான் தவணை தவறும். தவணை தவறிய பின் சலுகைக் காலம் பெரும்பாலும் 30 அல்லது 31 நாள்தான். எனவே இரண்டு மூன்று மாதப் பிரீமியத்துக்கான பணம் எப்போதும் அந்தக் கணக்கில் கிடக்கட்டும். தவணை தவறினால் இன்னொருவருக்கும் கடிதம் அனுப்பும்படி எழுதித்தர நிறுவனம் இடம் கொடுத்தால், நம்பிக்கையான நண்பர் ஒருவரைக் குறிப்பிடட்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வாரிசு இந்தியாவில் இருப்பதும், இறந்தவருக்கு விசா இல்லாததும் பணத்தைத் தடுக்காது. நிறுவனம் கேட்பது கிளைம் படிவம், சான்றிட்ட இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாளச் சான்று, அதோடு டபிள்யூ-8 பென் என்ற படிவம். அதில் அமெரிக்காவில் வரி கட்டும் ஆள் நான் அல்ல என்று உறுதி சொல்லி, உங்கள் பான் எண்ணை எழுத வேண்டும். இறப்புத் தொகைக்கு அங்கே வருமான வரி இல்லை. இறந்த நாளுக்கும் பணம் தரும் நாளுக்கும் இடையே சேர்ந்த வட்டிக்கு மட்டும் பிடித்தம் உண்டு. அந்தப் படிவம் இல்லையென்றால் 30 விழுக்காடு, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு நிரப்பினால் 15. கையெழுத்துக்கு அமெரிக்க நோட்டரி கேட்டால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து பெறலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். பணத்தைக் காசோலையாக வாங்காதீர்கள். டாலர் காசோலையை வசூலுக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் இழுக்கும், பல கிளைகள் வாங்குவதே இல்லை. உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டைக் கொடுத்து நேரடிப் பரிமாற்றம் கேளுங்கள். எதற்கான பணம் என்று வங்கி கேட்கும், நிறுவனத்தின் தீர்வுக் கடித நகலைக் கொடுங்கள்.

இறப்புச் சான்றிதழில் காரணம் "விசாரணையில்" என்று இருந்தால், சோதனைக் காலத்துக்குள் நேர்ந்த மரணமாக இருக்கும்போது கிளைம் அங்கேயே நிற்கும். இறுதிச் சான்றிதழ் வரும்வரை பொறுக்க வேண்டும். சான்றிட்ட நகல்கள் ஆறேழு வாங்கச் சொல்லுங்கள். அதில் இரண்டுக்கு மாநில அரசின் அப்போஸ்டில் முத்திரை இருந்தால் இந்திய அலுவலகங்களில் செல்லும். நியூ யார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் மரணத்தைப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டை ரத்து செய்வார்கள். அதற்குமுன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி எல்.ஐ.சி. பாலிசிக்கு வருவோம். அது செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 20 தவணையில் 9 கட்டியிருக்கிறீர்கள். அதனால் அது கட்டிய அளவுக்கான பாலிசியாக நிற்கிறது: 5 லட்சத்தில் 20-ல் 9 பங்கு, அதாவது 2,25,000 ரூபாய், அதுவரை சேர்ந்த போனஸ் இருந்தால் அதுவும். இன்றைய தேதியில் உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே காப்பு அதுதான். அதைச் சரண்டர் செய்து கடனுக்குக் கட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முழு 5 லட்சத்துக்கும் மீட்க வேண்டுமானால், முதல் தவறிய தவணையிலிருந்து 5 ஆண்டுக்குள், அதாவது 2028 ஜூனுக்குள், பாக்கியை வட்டியோடு கட்டிப் புதுப்பிக்கலாம். எல்.ஐ.சி. அவ்வப்போது தாமதக் கட்டணச் சலுகையோடு புதுப்பிப்பு முகாம் நடத்தும், காரைக்குடி கிளையில் விசாரித்து வையுங்கள். பணத்தை நீங்கள் கட்டலாம். ஆனால் 680 எண் உடல்நல உறுதிப் படிவத்தில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். நீங்கள் போட்டால் அது போலிக் கையெழுத்து. 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 3 ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆனால் அந்த 3 ஆண்டு புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடியும் முதலில் இருந்து எண்ணப்படும். அதற்குள் அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், படிவத்தில் கையெழுத்திட்ட நாளில் அவர் எந்த நாட்டில் இருந்தார் என்பதைப் பாஸ்போர்ட்டே சொல்லிவிடும். படிவத்தை அங்கே அனுப்பி, வெளிநாட்டு வாசத்தை உள்ளபடி குறித்து, கிளை கேட்கும் சான்றுறுதியோடு கூரியரில் வரவழையுங்கள். அங்கே மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டால் எந்த மருத்துவரிடம் எந்தப் படிவத்தில் என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கையெழுத்துக்காக அவர் ஊருக்கு வந்து போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் அமெரிக்காவை விட்டு வெளியேறினால், திரும்ப நுழைய 10 ஆண்டுத் தடை விழும். திரும்பிவிடுவது என்று குடும்பமாக முடிவெடுத்து வந்தால் அது வேறு. அப்போது இங்கேயே புது டெர்ம் பாலிசி எடுப்பதுதான் சுலபம். அவர் அங்கே இருக்கும்போதே "ஊரில்தான் இருக்கிறார்" என்று எழுதி இங்கே புதுப் பாலிசி எடுப்பது மட்டும் கூடாது. 45-ஆம் பிரிவின் 3 ஆண்டுக்குள் மரணம் நேர்ந்தால் மோசடி என்று கிளைமை நிராகரிக்க அந்த ஒரு வரியே போதும்.

எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி யார் என்றும் இன்றே பாருங்கள். திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசி என்றால் மாமியார் பெயர் இருக்கலாம். மாற்றுவதற்கும் அவர் கையெழுத்து வேண்டும். புதுப்பிப்புப் படிவத்தோடு அதையும் ஒரே கூரியரில் அனுப்பிவிடுங்கள்.

பிரதமர் ஜீவன் ஜோதி பீமா ஆண்டுக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 18 முதல் 50 வயதுவரை சேரலாம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணம் தவிர மற்றதற்குப் பணம் கிடையாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் இங்கே தகுதியான வங்கிக் கணக்கு இருந்தால் சேரலாம். அவர் கணக்கு என்ன நிலையில் இருக்கிறது, சேர வழி உண்டா என்று வங்கியில் கேளுங்கள். அவருக்காக மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பிள்ளைகள் இருவரும் இப்போது உங்கள் கைப்பிடியில்தான் இருக்கிறார்கள். உங்கள் பெயரிலும் ஒன்று போட்டுவிட்டு வாருங்கள்.

அமெரிக்கப் பாலிசி கைக்கு வந்த அன்றே அதன் முதல் பக்கம், வாரிசுப் பக்கம், நிறுவனத்தின் கிளைம் தொலைபேசி எண் மூன்றையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அச்செடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள். பாலிசி இருந்தது, எந்த நிறுவனம் என்று தெரியவில்லை என்று தவிக்கும் குடும்பங்களுக்காக அமெரிக்கக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் இலவசத் தேடல் வசதி ஒன்றை நடத்துகிறது. ஆனால் உங்கள் பெட்டியில் பாலிசி எண் இருந்தால் அந்தத் தேடலே தேவைப்படாது.